தேறலும் தேறுதலும்

தேறல் என்பது பழைய சொல். கலங்கிய மது வண்டல் அடியிற் படியத் தெளிந்து நின்றால் அது தேறல். மாணவன் பரீட்சையிற் சித்தியெய்தினால் தேறினான் என்கிறோம். நோயாளி நலம் பெற்றாலும் தேறினான் என்கிறோம். ஒருவனை ஆராய்ந்து நம்புவதும் தேறுதலே. தெளிதல், வளர்தல், ஆராய்ந்து துணிதல் என்னும் மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது. ஆயினும், ஒன்று தேறியிருக்கின்றதா என்று தானே சுவைத்துச் சொல்லும் வழக்கம் நம்மிடத்துக் குன்றிவருகின்றது. இதனை ஒரு பிரெஞ்சு மதுவின் வரலாறு கொண்டு விளக்கலாமென்று கருதுகிறேன்.

'கள்ளுண்ணாமை ஓதுவிக்கும் பண்டிதருக்கு மதுவில் என்ன வேலை?' என்று அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. எனினும், மதுவைத் தரம் பார்ப்போர் அதனை விழுங்குவதில்லை. சுவை கண்டபின் உமிழ்ந்துவிடுவர். உண்பது வேறு, தேர்வது வேறு. மேலும், இப்பொருள் நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. யவனர் கலத்திற் கொணர்ந்த தேறலை அருந்தி மகிழ்கவெனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியமை புறநானூற்றில் உள்ளது. அத்தகைய யவனச் சாடிகளின் உடைசல்கள், புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்விற் கிடைத்தன.

செம்மதுவைத் தேர்வோன் முதலிற் கிண்ணத்தைச் சாய்த்து, வெள்ளைத் துணியின்மேல் நிறத்தைப் பார்ப்பான். இளமதுவின் விளிம்பு நாவற்பழ நிறம். முதிர்ந்ததன் விளிம்பு செங்கல் நிறம். பின்னர்க் கிண்ணத்தைச் சுழற்றி மணத்தை முகர்வான். அதன்பின் ஒரு வாய் கொண்டு நாவெங்கும் பரவவிட்டு, இனிப்பும் புளிப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று மிகாமல் நிற்கின்றனவா என்று ஆராய்வான். உமிழ்ந்தபின்னும் சுவை எவ்வளவு நேரம் நிற்கின்றதெனப் பொறுத்திருந்து காண்பான்.

இவற்றுள் துவர்ப்பே செம்மதுவின் உயிர். கரிய முந்திரிகைப் பழத்தின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. தோலோடு சேர்ந்து புளிக்கும்போதே செம்மையும் துவர்ப்பும் அதில் ஏறுகின்றன. மேனாட்டு அறிவியலார் துவர்ப்பை அடிப்படைச் சுவையாக எண்ணுவதில்லை. நாவில் உண்டாகும் தொடுவுணர்ச்சி என்பர். நம் முன்னோரோ அதனை அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். பாக்கும் நாவலும் நெல்லியும் மென்று வளர்ந்த யாழ்ப்பாணத்து நாவுக்குத் துவர்ப்பின் தரங்களை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இளமையில் வாயைப் பிடிக்கும் துவர்ப்பு, நல்ல மதுவில் ஆண்டுகள் செல்லச் செல்ல மென்மையுறும். தாழ்ந்த மதுவிலோ, துவர்ப்பு அடங்குமுன் பழச்சுவை மடிந்துவிடும். ஆதலால், தேர்வோன் இன்றைய சுவையோடு நாளைய சுவையையும் கணிக்க வேண்டியவனாகின்றான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1855இல் பாரிசுப் பொருட்காட்சிக்காகப் போர்தோ நகரத்து மதுத் தரகர்கள், சந்தையிற் பெற்ற விலையை உரைகல்லாகக் கொண்டு, அப்பகுதிச் செம்மதுத் தோட்டங்களை ஐந்து தரமாக வகுத்தனர். மூத்தோன் றொத்சில்ட் என்னும் தோட்டம் இரண்டாந் தரத்தில் வைக்கப்பட்டது. பிரெஞ்சிலே மூத்தோன் என்றாற் செம்மறி; தமிழ்க் காதுக்கோ பெயரில் மூத்தோன், வரிசையில் இளையோன்! 1922இல் பிலிப் த றொத்சில்ட் அத்தோட்டத்தைப் பொறுப்பேற்றார். வணிகருக்குப் பீப்பாவில் அனுப்பிவந்த மதுவை, 1924ஆம் ஆண்டு விளைவிலிருந்து முழுவதும் தோட்டத்திலேயே போத்தலில் அடைப்பித்தார். 1930இல் விளைவு தாழ்ந்தபோது, தோட்டத்தின் பெருமைமிக்க பெயரை அதற்கு இடாமல், வேறு பெயரிட்டு விற்றார். 1973இலேதான் அத்தோட்டம் முதற்றரத்துக்கு உயர்த்தப்பட்டது. ஆணையிற் கையொப்பமிட்டவர் அந்நாள் விவசாய அமைச்சர் ஷாக் ஷிராக். அவ்வரிசையிலே ஒரு தோட்டம் தரமுயர்ந்தது அந்த ஒருமுறைதான். தோட்டம் தேறிற்று, ஏடு அதனை ஒப்புக்கொள்ளவோ பிலிப் பொறுப்பேற்றபின் 51 ஆண்டுகள் சென்றன.

1976இல் பாரிசிலே பெயரை மறைத்து ஒரு தேர்வு நடந்தது. செம்மதுவில் முதலிடம் பெற்றது, அதுவரை பேர் அறியப்படாத ஒரு கலிபோர்ணியத் தோட்டத்தின் மது. மூத்தோனின் 1970ஆம் ஆண்டு மதுவுக்கு இரண்டாமிடம். நடுவரோ பிரெஞ்சுக்காரர். பெயர் மறைந்தவிடத்து நா நடுநிலை நின்றது.

நம் நிலை யாது? அளவெட்டிக்குக் கிழக்கே சில மைல் தொலைவில், தோலகட்டியில் 1928இல் தோன்றிய செபமாலைதாசர் ஆச்சிரமம் நெல்லிரசத்துக்கும் முந்திரிகை இரசத்துக்கும் பெயர்பெற்றது. இவ்வாறான உள்ளூர்ப் பொருள்களை நம்மவருள் ஒரு சாரார் 'நம்முடையது' என்பதனாலேயே புகழ்கின்றனர். மறுசாரார் அதே காரணத்தால் இகழ்கின்றனர். இருசாராரும் சுவைத்திலர். சென்ற ஆண்டினும் இவ்வாண்டு தேறியதா, துவர்ப்பு மிகுந்ததா, மணம் குறைந்ததா என்று சொல்லுவாரே ஆக்குவோனுக்குத் துணையாவர். வெறும் புகழ்ச்சி அவனைத் தேறவிடாது. வெறும் இகழ்ச்சி அவனைத் தொழிலை விட்டே ஓட்டும்.

நூல்களுக்கும் மாணவருக்கும் நாம் செய்வது இதுவன்றி வேறென்ன? இன்னார் முதற்றரம், இன்னார் மூன்றாந்தரம் என்று எவரோ எழுதிவைத்த பட்டியலை ஒப்புவித்துக் காலங்கழிக்கின்றோம். ஆராயாமல் நம்புதலும் பிழை, ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் பிழை என்று தெரிந்து தெளிதல் அதிகாரத்தை வகுப்பில் விளக்குகின்றோம். விடைத்தாளைக் கையிலெடுத்ததும் முதலிற் பெயரைப் பார்க்கின்றோம்.

ஆசிரிய அன்பர்கள் இத்தவணை ஒன்று செய்து பார்க்கலாம். கட்டுரைத் தாள்களின் பெயரை மறைத்துவிட்டுத் திருத்துங்கள். கடைசி வாங்கிலிருந்து வந்த தாளொன்றிலே துவர்ப்பு மிகுந்திருக்கலாம். அதற்கு முகஞ்சுளித்துத் தள்ளிவிடாதீர்கள். துவர்ப்புக்கு அடியிற் பழச்சுவை உண்டா என்று மறுபடியும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.