தூரத்துத் தண்ணீர்

சுங்குவார்சத்திரத்தில் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரம் காத்து நிற்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளரில், தங்கள் ஊருக்கும் நமது கப்பற்படைக்கும் சம்பந்தம் உண்டென்று நினைப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? கடல் அங்கிருந்து கண்ணுக்கு எட்டாது. ஆனால் ஹெலிகாப்டருக்குப் பத்து நிமிஷப் பயணத்தில் அரக்கோணம் இருக்கிறது. அங்கே, இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த விமானத் தளம் இருந்த இடத்தில், 1992-ம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி, அப்பொழுது குடியரசுத் தலைவராக இருந்த ஸ்ரீ ரா. வெங்கட்ராமன் திறந்து வைத்த ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கப்பற்படை விமான நிலையம் இருக்கிறது. கப்பற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறும் பள்ளியும் அதனுள்ளே இருக்கிறது. கப்பற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டத் தேர்ந்த முதல் பெண்மணியும் 2024-ம் வருஷம் ஜூன் மாதம் இந்தப் பள்ளியிலிருந்துதான் வெளிவந்தார். ராமநாதபுரத்தையடுத்த உச்சிப்புளியில் 2009-ம் வருஷம் திறக்கப்பட்ட மற்றொரு நிலையத்துக்குப் பருந்து என்று பெயர். ராஜாளியும் பருந்தும் நமது மொழிச் சொற்கள். பெயரைக் கொடுத்த நாடு, அந்தப் பறவைகள் பறப்பதற்கு வேண்டியதையும் கொடுக்கிறதா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

முதலில் இந்த ஹெலிகாப்டர் அணிகள் செய்யும் வேலை இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம். கப்பலுக்குப் பரம விரோதி நீர்மூழ்கி. 1971-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இரவு, டையூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹாங்கோர் என்ற நீர்மூழ்கி நமது குக்ரி போர்க்கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கப்பலின் அடியில் பொருத்திய ஒலிக்கருவி ஓரளவுக்கே பயன்படும். கடலின் மேல்நீர் வெப்பமாகவும் அடிநீர் குளிர்ச்சியாகவும் இருப்பதால், இரண்டும் சேரும் இடத்தில் ஒலி வளைந்து போய்விடுகிறது. அந்த அடுக்கின் கீழே நீர்மூழ்கி பதுங்கிக்கொள்கிறது. ஹெலிகாப்டரோ கடலுக்கு மேல் ஓரிடத்தில் அசையாது நின்று, ஒலிக்கருவியைக் கம்பியில் கட்டி அந்த அடுக்குக்கும் கீழே இறக்கிக் கேட்கிறது. கேட்டவுடன் தூக்கிக்கொண்டு வேறிடத்துக்குப் போய் மறுபடியும் இறக்குகிறது. அடுத்தபடி எங்கே இறங்கும் என்று நீர்மூழ்கிக்குத் தெரியாது. இருக்குமிடம் தெரிந்துவிட்டால், மேலிருந்தே டார்ப்பிடோவைப் போடலாம். கப்பலைத் தேடி வரும் டார்ப்பிடோவுக்கோ ஆகாயத்திலிருக்கும் ஹெலிகாப்டர் எட்டாது.

இரண்டாவது வேலை, தூரத்தில் வருவதை முன்கூட்டி அறிவது. பூமி உருண்டையாக இருப்பதால், கப்பலின் பாய்மரத்து உச்சியிலுள்ள ராடார், அலைகளை ஒட்டித் தாழ்வாக வரும் ஏவுகணையை முப்பது கிலோமீட்டர் அளவில் வந்த பிறகே காண முடியும். அந்தத் தூரத்தைக் கடக்க ஏவுகணைக்கு இரண்டு நிமிஷங்கூட வேண்டாம். ராடாரைச் சுமந்து உயரே நிற்கும் காமோவ்-31 ஹெலிகாப்டர், அந்த இரண்டு நிமிஷத்தைப் பல நிமிஷங்களாக நீட்டித் தருகிறது. மூன்றாவது வேலையை நமது ஜனங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். 2004-ம் வருஷத்துச் சுனாமியின்போது தமிழ்நாட்டுக் கரைக்கு மட்டுமன்றி இலங்கைக்கும் மாலத் தீவுக்கும் கப்பற்படை ஹெலிகாப்டர்கள் சென்றன. 2023-ம் வருஷம் டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்கள் வெள்ளத்தில் தத்தளித்தபோது, சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு முப்படைகளின் உதவியும் ஆகாய மார்க்கமாகவே வந்து சேர்ந்தது.

இவ்வளவு வேலை செய்யும் சாதனத்தின் பலத்தை எப்படி அளப்பது? எத்தனை ஹெலிகாப்டர் வாங்கினோம் என்று எண்ணுவது ஒரு வழி. பத்திரிகைகளும் மந்திரிகளும் பெரும்பாலும் இந்த வழியையே பின்பற்றுகிறார்கள். ஆபத்து வந்த நாழிகையில் எத்தனை எழும்பும், எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்று கேட்பது மற்றொரு வழி. தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது என்பது நமது பாட்டிமார் சொன்னது. உதிரி உறுப்பு தூர தேசத்தில் இருந்தாலும், ஹெலிகாப்டர் தூரத்து நிலையத்தில் இருந்தாலும் முடிவு ஒன்றுதான். இரண்டாவது அளவுகோலைக்கொண்டு பார்த்தால், நமது நிலைமை திருப்தி தருவதாக இல்லை.

உதிரி உறுப்புகளின் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1998-ம் வருஷம் மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டுச் சோதனை செய்தோம். உடனே அமெரிக்கா தடை விதித்தது. நீர்மூழ்கி வேட்டைக்கு அப்பொழுது நாம் நம்பியிருந்த சீ கிங் ஹெலிகாப்டர்கள் பிரிட்டனில் செய்யப்பட்டவை. ஆனால் அவற்றினுள் அமெரிக்க உறுப்புகள் இருந்தன. உறுப்புகள் வருவது தடைப்பட்டதும், பல ஹெலிகாப்டர்கள் பறக்க இயலாமல் நின்றன. சண்டையில் எவரும் அவற்றைச் சுட்டு வீழ்த்தவில்லை. ஒரு தேசத்தின் உத்தரவு ஒன்றே போதுமானதாக இருந்தது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, முதலில் பிறருடைய கப்பல்களை வாடகைக்கு எடுத்தே ஓட்டினார். வெள்ளைக் கம்பெனியின் நெருக்கடிக்கு அஞ்சிக் கப்பலுக்குடையவர்கள் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சொந்தக் கப்பல் இல்லாதவரையில் சுதேசிக் கப்பல் என்பது வெறும் பேச்சே என்று அந்த வக்கீல் அன்றே கண்டுகொண்டார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைச் சொந்தமாக வாங்கினார். அவர் கண்டதை நாம் நூறு வருஷத்துக்குப் பிறகும் முழுதும் கற்றுக்கொண்டோமென்று சொல்ல முடியவில்லை.

2020-ம் வருஷம் பிப்ரவரியில், எம்.எச்.-60 ஆர் என்ற ஹெலிகாப்டர்கள் 24 வாங்க அமெரிக்காவுடன் ஒப்பந்தமாயிற்று. அவற்றைக் கொண்ட முதல் அணி 2024-ம் வருஷம் மார்ச் 6-ந் தேதி கொச்சியில் அமைக்கப்பட்டது. நீர்மூழ்கியை வேட்டையாடுவதில் உலகிலேயே சிறந்தவற்றுள் இது ஒன்று என்பதில் சந்தேகமில்லை. வாங்கியதை நாம் குறை கூறவுமில்லை; நீர்மூழ்கிகள் நமது தொழிற்சாலைகள் தயாராகும்வரை காத்திருக்கமாட்டா. ஆனால் 2025-ம் வருஷம் நவம்பரில், இந்த 24 ஹெலிகாப்டர்களைப் பராமரிப்பதற்காக மட்டும் ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய்க்கு மற்றோர் ஏற்பாடு அமெரிக்க சர்க்காருடன் செய்துகொள்ளப்பட்டதை நேயர்கள் கவனிக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கியவன், அதை நடத்தவும் விற்றவனையே நாடி நிற்கிறான். அந்த ஏற்பாட்டில் பழுதுபார்க்கும் வசதிகளை நமது நாட்டிலேயே அமைப்பதும் சேர்ந்திருப்பது ஓர் ஆறுதல். அது காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது சர்க்காரின் கடமை.

சிறிய ஹெலிகாப்டர்களின் கதை இதைவிடப் பரிதாபமானது. கப்பல்களிலிருந்து எழும்பும் சேதக், 1959-ல் முதன்முதலாகப் பறந்த பிரெஞ்சு மாதிரியை ஒட்டிச் செய்யப்பட்டது. பேரன் கையில் பாட்டன் கத்தி இருப்பது போல, மூன்று தலைமுறை விமானிகள் அதையே ஓட்டி வருகிறார்கள். அதற்குப் பதிலாக 111 ஹெலிகாப்டர்கள் வாங்க, 21,000 கோடி ரூபாய்க்குமேல் செலவாகும் திட்டத்துக்கு 2018-ம் வருஷம் ஆகஸ்டில் அநுமதி கிடைத்தது. அநுமதி கிடைத்ததே ஒழிய, அந்தத் திட்டப்படி ஒரு ஹெலிகாப்டர்கூடப் படையில் சேரவில்லை.

அப்படியானால், நாமே செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சுதேசியத்தில் பற்றுள்ளவர்கள் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். துருவ் என்பது பெங்களூரில் நமது எச்.ஏ.எல். செய்யும் ஹெலிகாப்டர், முப்படைகளிலும் கடலோரக் காவற்படையிலுமாக முந்நூறுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. 2025-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி, போர்பந்தரில் கடலோரக் காவற்படையின் துருவ் ஒன்று விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். விமானியின் கை அசைவைச் சுழலும் இறக்கைகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஸ்வாஷ் பிளேட் என்ற தட்டு முறிந்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அந்த ஓர் உறுப்பின் பொருட்டு, தேசத்திலுள்ள துருவ் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன, மாதக்கணக்கில் நின்றன. 1998-ல் அந்நியன் உறுப்பைத் தடுத்ததால் ஹெலிகாப்டர் நின்றது. 2025-ல் நம்முடைய உறுப்பு முறிந்ததால் நின்றது. கரையிலே காத்திருப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. சுதேசி என்ற பெயர் குறைபாட்டுக்குத் திரையாக ஆகக்கூடாது. நாம் செய்வது நன்றாகவும் செய்யப்பட வேண்டும்.

இங்கேதான் சுங்குவார்சத்திரத்துக்கு வருகிறோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை பரவிய இந்தத் தொழிற் பிரதேசத்தில் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. அவற்றுக்கு வேண்டிய கியரையும் பேரிங்கையும் தட்டுகளையும் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒரு மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உறுப்பைத் தள்ளிவிடப் பழகிய டர்னர்களும் ஃபிட்டர்களும் இங்கே இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே சிப்காட் பேட்டை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பின் எது தடையாக இருக்கிறது? காருக்கு உறுப்பு செய்பவனிடம் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஹெலிகாப்டருக்குக் கேட்பதோ நூறோ இருநூறோதான். அந்த நூறு உறுப்புக்கும், உலோகம் வந்த இடத்திலிருந்து கடைசிப் பரீட்சைவரை தஸ்தாவேஜு வேண்டும். தகுதிச் சான்று பெற வருஷங்கள் ஆகும். அதுவரை பாங்க் வட்டியைப் பட்டறைக்காரன் எங்கிருந்து கட்டுவான்? ஆகவே அவன் காருக்கே செய்துகொண்டிருக்கிறான். இதில் அவனைக் குற்றம் சொல்ல நியாயமில்லை.

தொழிலாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2024-ம் வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டுமென்று சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததை நாடு முழுவதும் அறியும். அந்தத் தகராறின் நியாயங்களுக்குள் இங்கே புக நாம் விரும்பவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இன்று வந்து நாளை போகும் காண்டிராக்ட் ஆளைக்கொண்டு ஸ்வாஷ் பிளேட் செய்ய முடியாது. பிழை கண்டால் இது பிழையென்று மேஸ்திரியிடம் அஞ்சாமல் சொல்லக்கூடிய நிலையான தொழிலாளியே மாலுமியின் உயிருக்கு முதற்காவல்.

உறுப்பின் தூரத்தைச் சொன்னோம். நிலையத்தின் தூரத்தையும் சொல்லியாக வேண்டும். 2017-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரிமுனைக்குத் தெற்கே கடந்தது. எச்சரிக்கை வருமுன்னரே ஆழ்கடலுக்குப் போய்விட்ட தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களில் பலர் திரும்பவில்லை. தமிழ்நாட்டுக் கணக்கில் மட்டும் ஏறக்குறைய இருநூறு பேர். கப்பற்படை ஹெலிகாப்டர்கள் சென்றன, பலரைக் கரை சேர்த்தன. அந்த விமானிகளின் துணிவை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆயினும் தேடுதல் தாமதமாயிற்று என்று கடற்கரை ஊர்கள் கதறின. மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே உறவினரைத் தேடிப் புறப்பட்டார்கள். உச்சிப்புளிக்கும் குமரிமுனைக்கும் ஆகாய மார்க்கத்தில் 200 கிலோமீட்டருக்குமேல். கொச்சிக்கும் குமரிமுனைக்கும் அதைவிட அதிகம். கரையை அடையவே ஒரு மணி நேரம் ஆகும். ஆழ்கடல் அதற்கப்பால் இருக்கிறது. குமரி ஜில்லாவில் ஹெலிகாப்டர் தளம் வேண்டுமென்று மீனவர்கள் அப்பொழுது கேட்டது பேராசையன்று. அலையில் பலகையைப் பற்றிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு மணி நேரம் என்பது ஓர் ஆயுள்.

ஆகவே நாம் கோருவது இவை. முதலாவது, ஹெலிகாப்டர் உறுப்புகளுக்குப் பத்து வருஷ ஆர்டரை உறுதியாகக் கொடுத்து, தகுதிச் சான்று பெறும் செலவில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்க வேண்டும். அந்தப் பரீட்சைக்குப் பெங்களூருக்கு அலையவிடாமல், வேண்டிய வசதியை வல்லம் வடகாலிலேயே அமைக்க வேண்டும். இரண்டாவது, அரக்கோணத்துக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள திறமையைப் பயன்படுத்தி, கப்பற்படை ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்க்கும் தொழிலை இங்கே வளர்க்க வேண்டும். மூன்றாவது, அக்டோபர் முதல் டிசம்பர் முடிய உள்ள புயற்காலத்திலாவது குமரிக் கரையில் இரண்டு ஹெலிகாப்டர்களை விமானிகளோடு தயாராக நிறுத்த வேண்டும். நான்காவது, எத்தனை வாங்கினோம் என்ற கணக்கோடு, வருஷத்தில் எத்தனை நாள் எத்தனை பங்கு பறக்கத் தகுதியாக இருந்தன என்ற கணக்கையும் பார்லிமெண்டின் பாதுகாப்புக் கமிட்டியிடம் சமர்ப்பிக்க வேண்டும். ரகசியம் என்று சொல்லி இதை மறைத்தால், பகைவனுக்கன்றி வரி கொடுப்பவனுக்கே அது ரகசியமாக இருக்கும்.

இவற்றில் எதுவும் அசாத்தியமன்று. பெரும் பணமும் புதிய கண்டுபிடிப்பும் வேண்டுவதில்லை. எண்ணிக்கையைக் காட்டித் திருப்தியடையும் வழக்கத்தை விட்டால் போதும். சுங்குவார்சத்திரத்துப் பட்டறை ஒன்றில் ஒருவன் சிரத்தையோடு கடைந்த தட்டு, குமரிக் கடலில் தத்தளிக்கும் ஒருவனிடம் கயிற்றை இறக்கும் நாள் வர வேண்டும். அதற்குச் சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்கார் செய்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நமது ஜனங்களின் பொறுப்பு. அடுத்த புயல் நமது ஆலோசனைகள் முடியும்வரை காத்திராது.