நூறு ரூபாய் டார்ச்சும் பத்தாயிரம் லூமென் பொய்யும்

கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கம்போலப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறார். இரண்டு மாதத்துக்கு முன், ராத்திரி ஒரு மணிக்கு மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் போயிருக்கிறார். பாதி வரப்பில் கையிலிருந்த டார்ச் அணைந்துவிட்டது. தட்டினால் எரிகிறது, அடுத்த அடியில் அணைகிறது. அப்படி அணைந்த ஒரு அடியில்தான் கண்ணாடி விரியன் கிடந்திருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கால் புண் இன்னும் ஆறவில்லை. இந்தக் குறுவை கையைவிட்டுப் போய்விட்டது.

"அந்த டார்ச் வாங்கி எவ்வளவு நாளாச்சுப்பா?" என்று கேட்டேன்.

"மூணு மாசம் இருக்கும் சார். சந்தையில நூறு ரூவா. நூறு ரூவாய்க்கு வேற எப்படி சார் இருக்கும்?"

இந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. கடிபட்டு, கால் வீங்கிப் படுத்திருக்கிற மனுஷனே விற்றவனுக்காக வாதாடுகிறார்! நாமும் அப்படித்தான் பழகிவிட்டோம். விலை குறைவு என்றால் பொய் சொல்லவும் உரிமை உண்டு என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

டார்ச்சையும் அட்டைப் பெட்டியையும் கேட்டு வாங்கி வந்தேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் "10000 லூமென்", கீழே "8 மணி நேரம்". நான் விஞ்ஞானி இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியர். ஆனால் இதைப் பிடிக்க விஞ்ஞானி தேவையில்லை, பெருக்கல் வகுத்தல் போதும். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. பழைய 40 வாட் டியூப் லைட் சுமார் 2500 லூமென் தரும். அப்படியானால் 10000 லூமென் என்பது நாலு டியூப் லைட். சட்டைப் பையில் நாலு டியூப் லைட்!

ஒரு வாட் மின்சாரத்துக்கு நல்ல எல்.இ.டி. சுமார் 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்வோம். 10000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். அதை 8 மணி நேரம் எரிக்க 800 வாட்-மணி. உங்கள் கரண்ட் பில்லில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. அதாவது முக்கால் யூனிட்டுக்கும் மேல். வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய பேட்டரியில் ஏறக்குறைய பாதி.

உள்ளே என்ன இருந்தது? பென்சில் செல் அளவில் ஒரு லித்தியம் செல். நல்ல கம்பெனிச் செல்லாகவே இருந்தாலும் அந்த அளவுக்கு 3 அல்லது 4 வாட்-மணிதான் கொள்ளும். 100 வாட் எடுத்தால் இரண்டரை நிமிடம்கூட வராது. அதற்குள் கையில் பிடிக்க முடியாத சூடு வந்துவிடும். ஆக, பெட்டியில் இருப்பது கூட்டிச் சொன்ன கணக்கு இல்லை. அச்சடித்த பச்சைப் பொய்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உண்மையைச் சொல்லியே அதை விற்றிருக்கலாம். அதே செல்லில் ஒரு வாட் மட்டும் எடுத்தால் 100 லூமென் வெளிச்சம் மூன்று மணி நேரத்துக்குக் கிடைக்கும். என் அப்பா காலத்து இரண்டு செல் டார்ச் பத்துப் பதினைந்து லூமென்தான் கொடுத்திருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் விடிய விடியத் தண்ணீர் பாய்ச்சினார்கள். வரப்பில் நடக்க 100 லூமென் தாராளம்.

அடுத்து, ஏன் அணைந்தது? மூடியைத் திருகினால் திறக்கவில்லை, பசை போட்டு ஒட்டியிருந்தது. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பித்தான் திறந்தேன். சுவிட்சுக்குப் போகும் ஒயர், ஈயம் சரியாகப் பிடிக்காமல் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது. எல்.இ.டி.யைத் தனியே எடுத்து இரண்டு பென்சில் செல்லைச் சேர்த்துத் தொட்டேன். எரிந்தது! உயிர் உள்ள விளக்கைப் பசை போட்டு மூடி, ஒரு பொட்டு ஈயத்தில் மிச்சம் பிடித்துக் கொன்றிருக்கிறார்கள்.

"அந்தக் காலம் பொற்காலம்" என்று புலம்ப வரவில்லை. பழைய டார்ச்சில் செல் கசிந்து உள்ளே பச்சை பிடிக்கும். தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். பல்பு அடிக்கடி பீஸ் போகும். ஆனால் பின் மூடிக்குள்ளேயே ஒரு உபரி பல்பு வைத்துக் கொடுத்தார்கள். சுவிட்ச் மக்கர் செய்தால் தகட்டை உப்புத்தாளால் தேய்த்தால் போதும். கெட்டுப்போகும் என்று செய்தவனுக்கே தெரிந்திருந்தது. சரிசெய்ய வழியும் வைத்திருந்தான்.

எல்.இ.டி. அதைவிட எவ்வளவோ மேல். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளிமேல் மஞ்சள் பூச்சு வைத்துத்தான் இந்த வெள்ளை வெளிச்சம் வருகிறது. பல்லாயிரம் மணி நேரம் எரியக்கூடிய பொருள். அதை மூன்று மாதக் குப்பையாக்குவது நோபல் பரிசுக்கே அவமானம்.

"சார், மலிவா கிடைக்கிறதாலதானே ஏழைங்க வாங்குறாங்க?" என்று சிலர் கேட்பீர்கள். நானும் மலிவுக்கு எதிரி இல்லை. என் வீட்டில் ஒற்றைப் பென்சில் செல் போடும் சின்ன டார்ச் ஒன்று இருக்கிறது. விலை நூற்றைம்பது ரூபாய். நாலு வருஷமாக எரிகிறது. 1.5 வோல்ட் செல்லில் நேரடியாக வெள்ளை எல்.இ.டி. எரியாது, அதற்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். அதை உயர்த்தித் தர ஒரு குட்டிச் சர்க்யூட்டை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். மலிவாகவும் நேர்மையாகவும் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. என் மாணவர் கணக்கைப் பாருங்கள்: மூன்று மாதத்துக்கு நூறு என்றால் நாலு வருஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு. மலிவுச் சரக்குக்கு அதிக விலை கொடுப்பவர் ஏழைதான்.

"ஒரு டார்ச்சுக்கு இவ்வளவு பேச்சா?" என்றும் கேட்கலாம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து மக்கள். அந்தச் சாவுகளை 2030-க்குள் பாதியாக்க மத்திய அரசு 2024-ல் செயல்திட்டமே வெளியிட்டது. இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நகரத்தில் டார்ச் கரண்ட் போனால் தேடும் பொருள். வயல்காட்டில் அது செருப்பு மாதிரி, உயிர்க்காப்பு. அதில் பொய் எழுதுவது மருந்துச் சீட்டில் பொய் எழுதுவதற்குச் சமம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பொட்டலப் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, விலை, மாதம், வருடம், புகார் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பொய் விளம்பரத்துக்குத் தண்டனை உண்டு என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சொல்கிறது. என் கையில் இருக்கும் பெட்டியில் ஒரு பெயர் இல்லை, ஒரு ஊர் இல்லை. லூமென் மட்டும் பத்தாயிரம்!

எனவே என் வேண்டுகோள் இதுதான். டார்ச் வாங்கும்போது செல்லைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். கடையிலேயே பத்து நிமிடம் எரியவிட்டு, குலுக்கி, உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். பெயர், முகவரி இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். ஏமாந்தால் 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள், இது தேசிய நுகர்வோர் உதவி எண். வயலுக்குப் போகிறவர்கள் நல்ல டார்ச்சே இருந்தாலும் கணுக்கால் மறைக்கும் காலணி போடுங்கள், கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் மாணவருக்கு ஒற்றைச் செல் டார்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கையில் வாங்கியதும், "இது எத்தனை லூமென் சார்?" என்று கேட்டார். பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். சின்னதாக ஒரு எண், கீழே ஒரு முகவரி. "இவ்ளோதானா?" என்று சிரித்தார்.

ஆமாம்ப்பா, இவ்வளவுதான். ஆனால் இது நிஜம்.