மூன்றாந் தரப்பினர் யார்?



புதிதாக வாங்கிய வாகனத்தை ஆலய முன்றலுக்குக் கொண்டுவந்து ஆசீர்வாதம் பெறுவது நம் குடும்பங்களில் நிலைத்துவிட்ட நல்ல வழக்கம். முன்கண்ணாடியில் 'மடு மாதா துணை' என்னும் எழுத்துகள், நடுவே தொங்கும் செபமாலை, ஓரத்தில் புனித அந்தோனியாரின் சிறு படம். இவையாவும் நம் நம்பிக்கையின் வெளி அடையாளங்கள். அதே வாகனத்தின் முன்பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்ட இன்னொரு தாளும் இருக்கிறது. அதுதான் காப்புறுதிச் சான்றிதழ். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாளில் அதைத் தேடி எடுக்கிறோம். பின்னர் ஓராண்டுக்கு மறந்துவிடுகிறோம். இவ்வாரம் அந்தத் தாளைப் பற்றியே உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன். ஆன்மீகச் சிந்தனைக்குரிய பகுதியில் காப்புறுதிக்கு என்ன இடம் என்று வியக்க வேண்டாம். அயலவர் இருக்கும் இடமெல்லாம் நற்செய்திக்கும் இடமுண்டு.

ஆவணித் திருவிழாக் காலத்தில் மதவாச்சியிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் ஏ14 வீதியை நினைத்துப் பாருங்கள். மடுச் சந்தியை நெருங்க நெருங்க வான்களும் பேருந்துகளும் முச்சக்கர வண்டிகளும் ஒன்றையொன்று முந்த முயலும். ஒரு வான், மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தட்டி விழுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வானிலிருந்து இறங்குபவர் முதலில் எதைப் பார்க்கிறார்? பெரும்பாலும் தம் வாகனத்தின் பம்பரைத்தான். விழுந்தவர் முழங்காலைத் தடவிக்கொண்டு எழுகிறார். கூட்டம் கூடுகிறது, குரல்கள் உயர்கின்றன, யாரோ ஒருவர் தாமாகவே நடுவராகிறார். "பொலிசுக்குப் போனால் இரண்டு பேருக்கும் அலைச்சல், ஏதாவது கொடுத்து முடித்துவிடுங்கள்" என்கிறார். சில ஆயிரம் ரூபா கைமாறுகிறது. எவரும் பெயர் கேட்கவில்லை, முகவரி எழுதவில்லை, வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளவும் இல்லை. பத்து நிமிடங்களில் வீதி வழமைக்குத் திரும்பிவிடுகிறது.

மறுநாட் காலையில் அந்த மனிதரால் காலை ஊன்ற முடியவில்லை. வைத்தியசாலையில் எலும்பு வெடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். அவர் மேசன் வேலை செய்பவர். ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாது. அந்த ஆறு வாரமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அவர் யாரைத் தேடிச் செல்வார்? வெள்ளை நிற வான் என்பதைத் தவிர அவருக்கு எதுவும் தெரியாது.

நமது நாட்டின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே பேசுகிறது. விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டும். காயமடைந்தவருக்கு உதவ வேண்டும். நியாயமான காரணத்தோடு கேட்பவருக்குத் தமது பெயரையும் முகவரியையும், வாகன உரிமையாளரின் விபரத்தையும், பதிவிலக்கத்தையும் கொடுக்க வேண்டும். எவரேனும் காயமுற்றிருந்தால் பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி வாகனத்தை வீதியில் இறக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் விதிதான்.

இந்த 'மூன்றாந் தரப்பு' என்ற சொல்லைச் சற்று உற்று நோக்குவோம். காப்புறுதி ஒப்பந்தத்தில் முதலாந் தரப்பு வாகன உரிமையாளர். இரண்டாந் தரப்பு காப்புறுதி நிறுவனம். மூன்றாந் தரப்பினரோ அதில் கையொப்பமிடாதவர், கட்டுப்பணம் செலுத்தாதவர். அவருடைய பெயர்கூட அதில் இல்லை. நம் வாகனத்தால் என்றோ ஒருநாள் காயமுறக்கூடிய, நாம் இன்னும் சந்தித்திராத மனிதர் அவர். வாகனத்தால் முடமானவருக்கு ஈடு கொடுக்க சாரதியிடம் பணமில்லாத நிலையில் அவரைக் கைவிடாதிருக்கவே பிரித்தானியா 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் இக்காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆகவே நாம் ஆண்டுதோறும் கட்டும் அந்தப் பணத்தின் ஒரு பகுதி நமக்காகக் கட்டப்படுவதன்று. முகமறியாத அந்த மனிதருக்காகவே கட்டப்படுகிறது. வாகனச் சேதத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடலாம். மனித உடலுக்கும் உயிருக்கும் நேரும் இழப்பே கட்டாயக் காப்புறுதியின் மையம்.

அப்படியானால் விபத்து நடந்த இடத்தில் நமது காப்புறுதி விபரத்தைச் சொல்லாமல் நழுவுவது எதற்குச் சமம்? அவருக்கென்று ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டதை அவருக்குத் தெரியாமல் மறைப்பதற்குச் சமம். இதை நான் ஏழாம் கட்டளைக்குரிய பாவமாகவே கருதுகின்றேன். கையில் திணித்த சில ஆயிரம் ரூபா அதை மாற்றிவிடாது.

திருச்சட்ட அறிஞர் ஒருவர் தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று இயேசுவிடம் வினவியதை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பதிலாக ஆண்டவர் சொன்ன உவமையும் ஒரு வீதியில்தான் நிகழ்கிறது. எரிகோ வீதியில் குற்றுயிராய்க் கிடந்தவரைச் சமாரியர் அடிக்கவில்லை. ஆயினும் செலவை அவரே ஏற்றார். இரண்டு தெனாரியத்தைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்ததோடு அவர் போய்விடவுமில்லை. மேலதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகப் பொறுப்பேற்றார். நாம் வீதியோரத்தில் கொடுக்கும் பணமோ பெரும்பாலும் திரும்பி வராதிருப்பதற்காகக் கொடுக்கப்படும் பணம்.

"பாதர், எதிராளியோடு வழியிலேயே உடன்பாடு செய்துகொள்ளும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே" என்று மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. விவிலியத்தை இந்த அளவுக்கு நினைவில் வைத்திருப்பதற்கு அவர்களைப் பாராட்டலாம்! ஆனால் உடன்பாடு என்பது இருவரும் நிலைமையை அறிந்து செய்வது. தம் காலில் என்ன நேர்ந்தது என்றே அறியாத ஒருவர், அதிர்ச்சியில் நிற்கும் வேளையில், எதற்கு உடன்பட முடியும்? கண்ணாடி உடைந்ததற்கு ஒரு தொகை பேசி முடிக்கலாம். உடம்பில் அடிபட்டிருந்தால் வீதியோரத்தில் விலை பேசாதீர்கள். பழைய ஏற்பாட்டின் விடுதலைப் பயண நூலும் (21:18-19) இதில் நம்மைவிடக் கூர்மையாக இருக்கிறது. பிறரைக் காயப்படுத்தியவர், அவர் வேலையிழந்த நாட்களுக்கு ஈடு கொடுப்பதோடு அவர் முற்றாகக் குணமடையும்வரை கவனிக்கவும் வேண்டும் என்பது அங்கே காணப்படும் நியமம். அதே அதிகாரத்தில், முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்ட பின்னரும் அதைக் கட்டிவைக்காத உரிமையாளருக்குப் பொறுப்பு அதிகம் என்கிறது. பிரேக் சரியில்லை என்று மெக்கானிக் சொல்லியும் 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று ஓட்டித் திரிபவர்கள் அப்பகுதியைத் தனியாக வாசிப்பது நல்லது.

இங்கே நேர்மையான ஒரு சிக்கலும் எழுகிறது. காப்புறுதி ஒப்பந்தங்களில், நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை பொதுவாகக் காணப்படும். கிறிஸ்தவர் தம் தவறை மறைக்கலாமா என்று மனச்சாட்சியுள்ள சிலர் கேட்கிறார்கள். அந்த நிபந்தனை வாக்குறுதியைக் கட்டுப்படுத்துகிறது. பொய் சொல்லும்படி எவரையும் பணிக்கவில்லை. "உங்களுக்கு அடிபட்டதா?" என்று கேட்பது சட்டப் பொறுப்பை ஏற்பதாகாது. தண்ணீர் கொடுப்பதும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் ஆகாது. பெயரையும் காப்புறுதி விபரத்தையும் எழுதிக் கொடுப்பதும் குற்ற ஒப்புதலன்று. அது 'நான் ஓடிப்போகமாட்டேன்' என்று சொல்வது. தவறு யாருடையது என்பதைப் பின்னர் உரியவர்கள் ஆராயட்டும். அவர்கள் கேட்கும்போது, எந்த வேகத்தில் வந்தீர்கள், கையடக்கத் தொலைபேசி காதில் இருந்ததா என்பதையெல்லாம் நடந்தவாறே சொல்லுங்கள்.

நம் குடும்பங்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அனுமதிப்பத்திரமில்லாத மகன் வாகனத்தை எடுத்துச் சென்று மோதிவிடுகிறான். செய்தி கேட்டு ஓடிவரும் தந்தை, மதிப்பீட்டாளர் வருவதற்குள், 'நானே ஓட்டினேன்' என்று சொல்லத் தீர்மானிக்கிறார். பிள்ளைப் பாசம் என்று ஊரார் இதை மன்னித்துவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. மகன் அன்று தன் தந்தையிடமிருந்து இரண்டு பாடங்களைக் கற்கிறான்: தவறுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, பொய்ச்சான்று சொல்ல அப்பாவே துணை நிற்பார். மதுபோதையில் ஓட்டியவரை அகற்றிவிட்டு வேறொருவரைச் சாரதி இருக்கையில் அமர்த்துவதும் இதே வகைதான். போதையினாலோ வேக மோகத்தினாலோ பிறரின் பாதுகாப்பை ஆபத்துக்குள்ளாக்குவது பாரதூரமான குற்றம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2290) கூறுகிறது. நீதிக்கும் உண்மைக்கும் எதிரான குற்றம் மன்னிக்கப்பட்டாலும் ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை என்றும் அதே நூல் (எண் 2487) நினைவூட்டுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமன்னிப்புப் பெற்றவர், அந்த மேசன் தொழிலாளியின் வீட்டு வாசலை மறந்துவிட முடியாது.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கீறல்களையும் இந்த விபத்தின் கணக்கில் எழுதுவதும், குணமான காலை மேலும் சில வாரங்களுக்குக் கட்டுப்போட்டு வைப்பதும் நீதியாகா. எதிராளி செல்வந்தர், நிறுவனம்தானே கட்டப் போகிறது என்பது சமாதானமுமன்று.

தெற்கில் பயணிக்கும்போது விபத்து நேர்ந்தால் மொழி தெரியாத அச்சமே பலரை விரைவில் பணத்தைக் கொடுத்து விலகச் செய்கிறது. அந்த அச்சத்தின் பின்னாலுள்ள நீண்ட கசப்பை நான் அறிவேன். எனினும் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட அவசரப்படாதீர்கள். தமிழில் பதியும்படியோ, வாசித்து விளக்கும்படியோ பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். எண்களும் பெயரும் எழுதப்பட்ட ஒரு தாளுக்கு மொழிபெயர்ப்பாளர் அதிகம் தேவைப்படாது என்பதும் ஆறுதல்.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், புலம்பெயர்ந்தோருக்கும் பயணிகளுக்குமான அன்றைய திருப்பீட அவை, வீதி பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டல்களை வெளியிட்டது. அதிலுள்ள சாரதிகளுக்கான பத்துக் கட்டளைகளைப் பத்திரிகைகள் அன்று சற்று வேடிக்கையாகவே எழுதின. எட்டாம் கட்டளையை மட்டும் கவனியுங்கள். தவறிழைத்த சாரதியையும் பாதிக்கப்பட்டவரையும் உரிய வேளையில் சந்திக்கச் செய்து, மன்னிப்பின் விடுதலையை இருவரும் உணர வழிசெய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. பெயரும் முகவரியும் தெரியாத இருவரை எந்தப் பங்குத்தந்தை சந்திக்க வைக்க முடியும்?

ஆகவே அடுத்த முறை வாகனத்தை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு சிறு கொப்பியும் பேனையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அவற்றையும் ஆசீர்வதித்துத் தருகிறேன். முன்பெட்டியில் காப்புறுதிச் சான்றிதழோடு அவை இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் முதலில் மனிதரைப் பாருங்கள். பின்னர் உங்கள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள். எதிராளியின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், காப்புறுதி நிறுவனம், சான்றிதழின் இலக்கம், அது காலாவதியாகும் திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுடைய அதே விபரங்களை நான்கைந்து தாள்களில் இப்போதே எழுதிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். அன்றைய தினம் கை நடுங்கும், எழுத வராது.