பின்னால் ஒரு சின்னக் கொக்கி



தீபாவளிக்கு ராக்கெட் விட்டிருப்பீர்கள். காலி பாட்டிலில் குச்சியை நிறுத்தித் திரியில் நெருப்பு வைத்ததும் 'சொய்ங்' என்று பறக்கும். மேலே போய் 'டமார்!' அத்தோடு அதன் கதை முடிந்தது.

ஆனால் மேலே போய், பாராசூட்டை விரித்து, மெதுவாகத் தரையில் இறங்கி, மறுபடியும் பறக்கிற ராக்கெட் ஒன்று உண்டு. தெரியுமா? அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் பெரிய திடல்களில் பெரியவர்கள் துணையோடு அதைப் பறக்க விடுவார்கள். 'மாடல் ராக்கெட்' என்பது அதன் பெயர்.

அது பிறந்த கதையைக் கேளுங்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் காலணிக் கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் கெட்டிக்காரர். அவரும் அவருடைய சகோதரர் ராபர்ட்டும் 1954-ஆம் ஆண்டில் காகிதக் குழாயால் ஒரு சிறு ராக்கெட் செய்தார்கள். அந்தக் காலத்தில் ராக்கெட் ஆசையால் சிறுவர்கள் பலர் தாங்களே இரும்புக் குழாயில் மருந்தை அடைத்துக் காயம்பட்டு வந்தார்கள். இதைப் பற்றி ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் 1957-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல், தம் ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வைத்தார். அப்படித்தான் இந்தப் பொழுதுபோக்கு ஊரெங்கும் பரவியது.

கார்லைல் செய்த புதுமை என்ன? மருந்தைப் பிள்ளைகள் தொடவே வேண்டாம். மருந்து அடைத்த சிறு குழாய் தனியாகக் கிடைக்கும். அதற்குத்தான் 'மோட்டார்' என்று பெயர். தண்ணீர் இறைக்கிற மோட்டார் இல்லை! சாக்பீஸ் நீளம்தான், கொஞ்சம் பருமன். 70 மில்லிமீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒருமுறை பறந்ததும் எரிந்து முடிந்த மோட்டாரை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருக வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. மோட்டாரைக் கழற்றி மாட்டவும் முடிய வேண்டும். பறக்கும்போது அது கழன்று விழவும் கூடாது. எப்படி?

மோட்டாருக்கு மூன்று வேலைகள். முதலில், சீறிக்கொண்டு ராக்கெட்டை மேலே தள்ளும். அடுத்து, சில விநாடிகள் மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ராக்கெட் தன் வேகத்திலேயே உச்சிக்குப் போய்விடும். கடைசியில், முன்பக்கமாக ஒரு சின்ன வெடி. அது மூக்குக் கூம்பைத் தள்ளிவிட்டுப் பாராசூட்டை வெளியே எறியும்.

நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. முதல் வேலையில் மோட்டார் முன்னால் பாயப் பார்க்கும். அதைத் தடுக்கக் குழாயின் உள்ளே ஒரு வளையம் ஒட்டியிருப்பார்கள். மூன்றாவது வேலையில் வெடி முன்னால் தள்ளுகிறது; ஆகவே மோட்டார் பின்னால் பாயப் பார்க்கும். அதைத் தடுக்க, வளைந்த எஃகுத் தகட்டால் ஆன ஒரு சின்னக் கொக்கி. அது மோட்டாரின் வாலைப் பிடித்துக்கொள்ளும். கொக்கி இல்லாத ராக்கெட்டில், மோட்டாரைச் சுற்றிக் காகித டேப் ஒட்டி, அழுத்தினால்தான் உள்ளே போகும் என்ற அளவுக்கு இறுக்கமாகச் செருகுவார்கள்.

இந்தப் பிடி தளர்வாக இருந்தால்? வெடித்ததும் மோட்டார் பின்வழியே வெளியேறிவிடும். பாராசூட்டைத் தள்ள வேண்டிய அழுத்தமும் அதோடு போய்விடும். பாராசூட் விரியாத ராக்கெட் மூக்கு கீழாக, அம்பு போலத் தரைக்குப் பாயும். கீழே நிற்பவர் தலை என்னாவது?

பிள்ளைகளே, இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த காலத்தில், இதே மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதி, "ராக்கெட் இப்படித்தான் பறக்கிறது" என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்தத் தீபாவளிக்கு மறுநாள், வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கி ஒரு மாணவன் தானே ராக்கெட் செய்தான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. பல நாள் கழித்து வகுப்புக்கு வந்தவன், "சார், நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விசை எப்படித் தள்ளும் என்று சொன்னேன். அதை எப்படிப் பிடித்துவைப்பது, எதைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. பிழை என்னுடையது.

அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதிகளைப் பாருங்கள். மோட்டாரை ஒருபோதும் தானாகச் செய்யக் கூடாது. நெருப்புக் குச்சியால் பற்றவைக்காமல், குறைந்தது 5 மீட்டர் தள்ளி நின்று மின்சாரப் பொத்தானை அழுத்த வேண்டும். பற்றவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்துவிட்டு 60 விநாடி வரை கிட்டே போகக் கூடாது. பறப்பதற்கான விதிகளோடு இவற்றையும் சேர்த்தே அவர்கள் கற்கிறார்கள்.

நீங்கள் மருந்து எதையும் தொடாமலே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு நீண்ட நூலில் ஸ்ட்ரா ஒன்றைக் கோத்து, நூலின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டுங்கள். ஊதிய பலூனை, வாயை விரலால் பிடித்தபடியே, ஸ்ட்ராவோடு டேப்பால் ஒட்டி விடுங்கள். ஜிவ்வென்று பறக்கும்! அடுத்த முறை டேப்பை அரைகுறையாக ஒட்டுங்கள். பலூன் மட்டும் எங்கோ போகும். ஸ்ட்ரா நூலிலேயே தங்கிவிடும். பலூன்தான் மோட்டார். டேப்தான் கொக்கி.

ஆசையும் அப்படித்தான், செல்லங்களே. அது உங்களை உயரே கொண்டுபோகும். அதைப் பிடித்துவைக்கும் கொக்கியையும் மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது வெடிக்காத பட்டாசைப் பிரித்துக்கொண்டிருந்தால், இன்றே தடுத்து, பெரியவர்களிடம் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா