முழங்கை நோவுக்கு ஆட்டத்தின் பெயரா?

புதுச்சேரி முத்தியால்பேட்டை நெசவால் பெயர்பெற்ற ஊர். புதுச்சேரியின் நீலத்துணி கடல் கடந்து சென்று, ஆப்பிரிக்கச் செனகல் நாட்டுப் பிசின் வணிகத்திற் காசுபோலவே வழங்கிய காலமும் உண்டு. அத்துணியின் பெருமையைப் பேசுவார் உளர். அதனை நெய்த கையின் நோவைப் பேசுவார் அரியர்.

தறியில் அமர்ந்தவன் ஒரு கையாற் கயிற்றை வெட்டி இழுத்து நாடாவை ஓட்டுகின்றான். மறு கையாற் பலகையை அடிக்கின்றான். ஊடை ஒன்றுக்கு ஓர் இழுப்பு, ஓர் அடி. ஒரு முழத் துணிக்குள் அவன் முழங்கை எத்தனை முறை மடங்கி நிமிர்கின்றது என்பதை உடுப்பவர் எண்ணுவதில்லை. முழங்கை எண்ணிக்கொண்டே இருக்கின்றது.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் ஒரு நாணாகத் திரண்டு, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையைப் பற்றியுள்ளன. ஓயா உழைப்பால் அந்நாண் நைகின்றது. அதன்பின் குடம் தூக்கவும், ஈரத்துணி பிழியவும், கதவுப்பிடியைத் திருகவும் வலி தடுக்கின்றது. உட்புற முனையிலும் இத்தகைய நைவு உண்டாகும்.

இந்நோய்க்கு மருத்துவர் சொல்லும் பெயர் யாது? வெளிப்புறத்ததற்கு ‘டென்னிசு முழங்கை’. உட்புறத்ததற்கு ‘கோல்ப் முழங்கை’! ஒன்று வரிப்பந்தாட்டம்; மற்றொன்று குழிப்பந்தாட்டம். இந்நோயுற்றாருட் பெரும்பாலார் அவ்வாட்டங்களை ஆடாதார். கொத்தனாரும், தச்சரும், துணி வெளுப்பாரும், அடுக்களையிற் கை ஓயாத பெண்டிரும், இன்று கணினிமுன் அமர்வாருமே அவர். ஆயினும் 2004-ஆம் ஆண்டிற் சச்சின் டெண்டுல்கருக்கு இந்நோய் வந்தபோதுதான் அப்பெயர் நாடெங்கும் பரவிற்று. தறிக்காரன் கை நொந்தபோது எந்த நாளிதழும் எழுதிற்றில்லை.

வரலாறும் அப்பெயருக்குத் துணை நில்லாது. செருமானிய மருத்துவர் உருங்கே இந்நோயை 1873-இல் எழுதினார். அவர் கண்டது எழுதுவோர் கையில். புல்தரை வரிப்பந்தாட்டத்திற்கு விங்ஃபீல்டு என்பார் இங்கிலாந்தில் உரிமம் பெற்றதோ 1874-இல். ஆட்டத்தின் பெயர் நோய்க்கு ஏறியது 1880-களில். உழைப்பாளியின் நோயை ஓய்வுடையாரின் ஆட்டம் தன் பெயரால் மறைத்துவிட்டது என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன?

பெயரில் என்ன உளது என்பாருக்கு விடை இது. ‘டென்னிசு’ என்று கேட்ட நெசவாளி, தன் தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உணரான். உணராதவன் தறியிற் கை வைக்கும் முறையை மாற்றான். மாற்றாதவன் ஊசியை நாடுவான். சுடீராய்டு ஊசி சில கிழமைகளுக்கு வலியைத் தணிக்கும். ஓராண்டு கழித்து நோக்கினால், அவ்வூசி போடாதாரே நலமாயிருத்தல் ஆய்வுகளிற் கண்டது. வேலையைக் குறைத்து, இடையிடையே கைக்கு ஓய்வளித்து, தசைநாணைச் சிறுகச் சிறுக வலுவேற்றும் பயிற்சியே பெரும்பாலார்க்கு ஓராண்டிற்குள் நலந் தருகின்றது.

இதனினும் கொடியது நரம்பு நெருக்கம். முழங்கையின் உட்புறப் பள்ளத்தில், இடித்துக்கொண்டால் மின்னல்போற் சுரீரென்னும் நரம்பு ஒன்று ஓடுகின்றது. முழங்கையை நெடுநேரம் மடக்கி வைத்தாலும், கடினமான விளிம்பில் ஊன்றினாலும் அது நெருக்குண்ணும். சுண்டுவிரலும் மோதிரவிரலிற் பாதியும் மரக்கும். வலி மிகாமையால் மக்கள் பொருட்படுத்துவதில்லை. நாளடைவிற் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசை வற்றும், பிடி தளரும், இழை முடியும் விரல் இழையைப் பிடிக்காது. வற்றிய தசை அறுவைக்குப் பின்னும் முழுதாய் மீள்வது அரிது. தொழுநோயும் இந்நரம்பையே தாக்கித் தடிக்கச் செய்யுமாதலின், மரப்பைக் கண்டவுடன் மருத்துவரை அடைதல் வேண்டும். தொடக்கத்தில் ஊன்றாமை, இரவிற் கையை மடக்காது துணி சுற்றி உறங்குதல் ஆகிய எளிய வழிகளே பலர்க்குப் போதும்.

இவ்வளவையும் நெசவாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? புதுச்சேரியில் 1823-ஆம் ஆண்டிலேயே மருத்துவப்பள்ளி தோன்றிற்று. அன்று பிரெஞ்சில் கற்பித்தனர். அதன் வழிவந்த சிப்மரில் இன்று ஆங்கிலத்திற் கற்பிக்கின்றனர். இருநூறு ஆண்டுகளில் ஆட்சி மாறிற்று, மொழி மாறிற்று, நோயாளியின் மொழிக்கு மட்டும் இடம் வரவில்லை. தமிழால் இயலாது என்பரோ? யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், 1860-களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அயலான் அன்று செய்ததைத் தமிழன் இன்று செய்யலாகாதா?

1936-ஆம் ஆண்டு சூலை 30-இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் குண்டடிபட்டு மாண்டனர். எட்டுமணி நேர வேலை அக்குருதியின் பயன். வீட்டுத்தறியில் உழைப்பார்க்கோ மணிக்கணக்கும் இல்லை. ஆலைத் தொழிலாளிக்குரிய காப்பும் இல்லை.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. வெளிப்புற நோயை ‘வெளிமுழங்கை நாண்நைவு’ என்றும், நரம்பு நோயை ‘முழங்கை நரம்பு நெருக்கம்’ என்றும் மருத்துவர் தமிழில் வழங்குக. மருந்துச்சீட்டிலும் அவ்வாறே எழுதுக. நெசவாளர் தெருக்களில் இவற்றின் அறிகுறிகளைத் தமிழ்ச் சுவரொட்டிகளால் அறிவிக்க. கூட்டுறவுச் சங்கங்கள் கைநோவால் தறி நிறுத்தியோர்க்கு உதவித்தொகை வழங்க முற்படுக. தன் நோவின் பெயரைத் தன் மொழியில் அறிந்தவனே அதற்குத் தீர்வும் உரிமையும் கேட்கத் துணிவான்.