தோல் ஆராய்ச்சி யாருடைய தோலுக்கு?

தோழர்களே, உயிரியலும் மருத்துவமும் படிக்கும் உங்களில் சிலர் தோல் ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று யோசிப்பீர்கள். தாராளமாகப் போங்கள். போகும் முன் கொடைக்கானல் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாண்ட்ஸ் என்றால் நமக்கு முகத்தில் பூசும் கிரீமும் பவுடரும்தான். அந்த பாண்ட்ஸ்தான் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலையைப் பெயர்த்து 1983-இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சு வழியே உள்ளே போனால் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கிடந்தது அம்பலமான பிறகுதான் ஆலை மூடப்பட்டது.

2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கழிவுக்கு வழி பிறக்க இரண்டு ஆண்டு. 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் போட 2016 மார்ச் வரை, பதினைந்து ஆண்டு! அதையும் மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகத்தான் நிறுவனம் சொன்னது. அவர்களின் நோய்க்கு ஆலைதான் காரணம் என்பதை அது ஏற்கவே இல்லை.

இதே நிறுவனம் 1975 முதல் விற்றதுதான் ஃபேர் அண்ட் லவ்லி. அதில் பாதரசம் இல்லை, நியாசினமைடு. நிறமிச் செல்கள் செய்யும் மெலனின் மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேராமல் அது தடுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நிஜமான அறிவியல் தேவைப்பட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவியல் எதைத் தடுத்தது? செல்லின் உட்கருவுக்கு மேல் குடைபோல் நின்று புற ஊதாக் கதிரைத் தாங்கும் மெலனினை! வெயிலில் உழைக்கிறவரின் கவசத்தைக் குறை என்று விற்றார்கள். 2020-இல் அமெரிக்காவில் கறுப்பர் போராட்டம் வெடித்தபோது பெயரை மட்டும் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டார்கள்.

இந்தச் சந்தையை நிறுவனம் மட்டும் உருவாக்கவில்லை. கறுத்த பார்ப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே என்று பழமொழி வைத்திருக்கும் சமூகம் இது. எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு என்பதை அந்தப் பழமொழியே ஒப்புக்கொள்கிறது. இருந்தும் நிறத்தில் சாதியைத் தேடுகிறார்கள். வெளுக்கும் ஆசையில் பாதரசம் கலந்த மலிவு கிரீம்களைப் பூசியவர்கள் சிறுநீரகம் கெட்டு வந்ததைக் கேரளத்தின் மலப்புரம் பகுதி மருத்துவர்கள் அண்மையில் பதிவு செய்திருக்கிறார்கள்.

"அறிவியலுக்குச் சாதி உண்டா?" என்று கேட்பார்கள். மெலனினுக்குச் சாதி இல்லை. எந்தக் கேள்விக்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்யும் இடத்தில் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கின்றன.

வேறு கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சிமெண்டில் உள்ள குரோமியம் கட்டடத் தொழிலாளர்களின் கைகளில் ஒவ்வாமைப் புண்ணை உண்டாக்குகிறது. தோல் மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு சல்பேட் கலந்தால் அந்தக் குரோமியத்தின் வீரியம் போய்விடும் என்று தெரிந்தது. டென்மார்க் 1983-இல் அதைச் சட்டமாக்கியது. கொடைக்கானலுக்குப் பாதரச ஆலை வந்த அதே ஆண்டு! 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதற்கு உச்சவரம்பு வந்தது.

நம் சித்தாள்களின் உள்ளங்கையும் அதே தோல்தான். பழனி மலை அடிவாரத்தில், திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் குரோமியத் தண்ணீரில் கை வைத்தவர்களின் தோலும், சாக்கடைக்குள் இறக்கப்படுகிறவர்களின் தோலும் அதேதான். அந்தக் கைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் போனால்தான் அந்தக் கேள்விகளும் உள்ளே போகும்.

ஆகவே உங்கள் ஆய்வுத் தலைப்பை நீங்களே தேர்ந்தெடுங்கள். கையுறை கொடுக்காத ஒப்பந்தக்காரர் மீது வழக்குப் போடும் தொழிற்சங்கத்துக்கு ஆதாரமாக நீட்டக்கூடிய ஓர் ஆய்வறிக்கையை எழுதுங்கள். கொடைக்கானல் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டு தேடி அலைந்தது அப்படி ஒரு காகிதத்தைத்தான்.