தறி மறப்பதில்லை, கம்ப்யூட்டர் மறந்துவிடும்



காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் மாலையில் தறிக்குழியை விட்டு எழுந்து போகிறார். மறுநாள் காலையில் அவர் திரும்பி வரும்போது தறியில் இரண்டு பொருள்கள் அவருக்காகக் காத்திருக்கின்றன. ஒன்று, பாதி நெய்த புடவை. மற்றொன்று, தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். புடவை, நேற்று செய்த வேலை. அட்டைகளோ, வேலை எப்படி நடக்க வேண்டும் என்னும் ஏற்பாடு. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பது நெசவாளர் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் கல்லூரியில் புள்ளியியல் பயிலும் நம் பிள்ளைகளில் பலர், கம்ப்யூட்டரில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதித் தடுமாறுகின்றனர். இந்த மாதம் அதைப் பற்றிச் சிறிது காண்போம்.

அட்டையின் வரலாறு

துளையிட்ட அட்டையால் தறியை இயக்கும் முறையை பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு உருவாக்கினார். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் நூல் எழாது. நெசவாளர் எத்தனை முறை எழுந்து போய் வந்தாலும் மாங்காய்ப் புட்டாவும் கோபுரக் கரையும் மாறாமல் வருவதற்கு இதுவே காரணம்.

இதே அட்டை பின்னர் எண்ணிக்கைத் தொழிலுக்கும் வந்தது. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எந்திரத்தால் எண்ணிக் காட்டினார். அவருடைய நிறுவனம் 1911இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. ஆக, தறிக்கும் புள்ளியியலுக்கும் உள்ள உறவு, உவமைக்காக நாம் கட்டிச் சொல்வது அன்று, வரலாற்றிலேயே உள்ளது.

'ஆர்' என்னும் மென்பொருள்

இன்று புள்ளியியல் மாணவர்கள் பெரிதும் பயன்படுத்துவது 'ஆர்' என்னும் இலவச மென்பொருளாகும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். இதன் முதல் முழுமையான பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டாதது என்பதால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு.

இதில் 'ஆப்ஷன்ஸ்' என்னும் கட்டளையால் நம் விருப்பப்படி பல ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். விடையை எத்தனை இலக்கங்களில் காட்ட வேண்டும், திரையில் ஒரு வரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், கூடுதல் தொகுப்புகளை எந்தத் தளத்திலிருந்து இறக்க வேண்டும் என்பன போன்றவை. ஆனால் மென்பொருளை மூடியவுடன் இவை அனைத்தும் அழிந்துவிடும். மறுநாள் திறந்தால், இலக்கங்கள் பழையபடி ஏழாகவே இருக்கும்.

மூடும்போது 'பணியிடத்தைச் சேமிக்கவா?' என்று ஆர் கேட்கும். 'ஆம்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். அங்கேதான் தவறு. அப்போது சேமிக்கப்படுவது 'ஆர்-டேட்டா' என்னும் கோப்பு. நாம் உருவாக்கிய பட்டியல்களும் மாறிகளும் மட்டுமே அதில் இருக்கும். அது பாதி நெய்த புடவை. நம் ஏற்பாடுகள் அதில் இரா.

அட்டைக்கு நிகரானது வேறொரு கோப்பு. அதன் பெயர் 'ஆர்-புரொஃபைல்'. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இட வேண்டும். ஆர் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும், முதலில் தான் திறக்கப்பட்ட ஃபோல்டரில் இக்கோப்பைத் தேடும். அங்கு இல்லையானால் பயனாளியின் சொந்த ஃபோல்டரில் தேடும். விண்டோஸில் பெரும்பாலும் அது 'டாக்குமென்ட்ஸ்' ஆகும். கிடைத்த ஒன்றைப் படித்து, அதிலுள்ள கட்டளைகளை நிறைவேற்றும். இரண்டு இடத்திலும் கோப்பு இருந்தால் முதலாவது மட்டுமே படிக்கப்படும் என்பதை நினைவிற் கொள்க. நோட்பேடில் எழுதிச் சேமிக்கும்போது பெயரின் இறுதியில் '.டி.எக்ஸ்.டி.' என்பது தானாக ஒட்டிக்கொள்வதுண்டு. அப்படி ஒட்டினால் ஆர் அதைக் கண்டுகொள்ளாது.

மற்ற மென்பொருள்களிலும் இதே ஏற்பாடு உண்டு. 'ஸ்டேட்டா'வில் சில கட்டளைகளின் இறுதியில் 'பெர்மனென்ட்லி' என்று சேர்த்தால் அது நிலைத்திருக்கும். 'சாஸ்' மென்பொருளில் 'ஆட்டோஎக்ஸிக்' என்னும் கோப்பு தொடக்கத்தில் தானே இயங்கும்.

வசதியும் ஆபத்தும்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். சேமித்து வைக்கக் கூடாத ஏற்பாடுகளும் உண்டு.

ஒரு மாணவி நெசவாளர் குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வீடுகளில் உறுப்பினர் எண்ணிக்கை 7, 3, 5. நான்காவது வீட்டில் ஆள் இல்லை. அந்தக் கட்டத்தில் 'விவரம் இல்லை' என்று எழுதிவிட்டாள். ஒரு சொல் கலந்துவிட்டதால் அந்தப் பத்தி முழுவதையும் ஆர் எழுத்தாகக் கருதும். பழைய பதிப்புகளில், அப்படிப்பட்ட பத்தியை ஆர் தானாகவே வகைப் பட்டியலாக மாற்றி, உள்ளே 1, 2, 3, 4 என்று வரிசை எண் கொடுத்துவிடும். பின்னர் அதனை நேரே எண்ணாக மாற்றினால் 7, 3, 5 என்பதற்குப் பதிலாக 3, 1, 2 என்று வரும். விவரமே இல்லாத வீட்டுக்கும் 4 பேர் வந்துவிடுவர்! உண்மையான சராசரி 5, கிடைப்பது 2.5. எச்சரிக்கை ஒன்றும் வராது. குடும்பத்தில் 1, 2, 3, 4 பேர் இருப்பது இயல்புதானே என்று யாரும் ஐயுறவும் மாட்டார்கள்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பலர், 'எழுத்தை வகையாக மாற்றாதே' என்னும் ஒரு வரியைத் தம் புரொஃபைல் கோப்பில் எழுதி வைத்தனர். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விடை சரியாக வந்தது. அதே கட்டளைகளை அந்தக் கோப்பு இல்லாத கல்லூரிக் கம்ப்யூட்டரில் இயக்கியபோது விடை தவறாக வந்தது. எழுதியவர் ஒருவரே, கட்டளைகளும் அவையே. விடை மட்டும் இரண்டு! 2020 ஏப்ரல் 24 அன்று வெளிவந்த 4.0.0 பதிப்பில்தான், தானாக மாற்றும் வழக்கத்தை ஆர் கைவிட்டது.

ஆய்வு என்பது ஓர் அமானத். நாம் சொல்லும் எண்ணை நம்பி ஒருவர் திட்டம் வகுப்பார். ஒரு குடும்பத்துக்கு உதவி கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும். 2019–20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கிட்டது. இத்தகைய விவரங்களை ஆராயும் நம் பிள்ளைகளின் கணக்கு, அவர்கள் வீட்டு மேசையில் மட்டும் சரியாக இருந்தால் போதுமா? சென்னையில் வேறொருவர் செய்து பார்த்தாலும் அதே விடை வர வேண்டும் அல்லவா?

ஆகவே, கீழ்க்காணும் முறையைக் கடைப்பிடிக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள்:

1. கண்ணுக்கும் கைக்கும் வசதியானவற்றை மட்டும் புரொஃபைல் கோப்பில் வைக்கவும். திரையின் அகலம், தொகுப்புகளை இறக்கும் தளம் போன்றவை.

2. விடையை மாற்றக்கூடிய எந்த ஏற்பாட்டையும் அந்தந்த ஆய்வின் கட்டளைக் கோப்பிலேயே, முதல் வரிகளில் எழுதவும். ஆய்வு எங்கே சென்றாலும் அதுவும் உடன் செல்லும்.

3. ரகசியக் குறிச்சொற்களை, 'ஆர்-என்வைரன்' என்னும் தனிக் கோப்பில் வைக்கவும். அதனைப் பிறருக்கு அனுப்ப வேண்டாம்.

4. மூடும்போது பணியிடத்தைச் சேமிக்க வேண்டாம். பழைய மாறி ஒன்று ஒளிந்திருந்து புதிய கணக்கைக் கெடுக்கும். நீண்ட நேரம் பிடித்த கணக்கின் விடையை மட்டும் தனிக் கோப்பாகச் சேமித்தால் போதும்.

5. ஆய்வை ஒப்படைக்குமுன், 'வெனிலா' என்னும் முறையில் ஆரைத் திறந்து ஒரு முறை இயக்கிப் பார்க்கவும். அப்போது சேமித்த ஏற்பாடு எதையும் ஆர் படிக்காது. அந்த நிலையிலும் அதே விடை வந்தால் மன நிறைவோடு ஒப்படைக்கலாம்.

தறியில் தொங்கும் அட்டையை நெசவாளர் மட்டுமல்லர், வீட்டுக்கு வருகிற எவரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள முடியும். கம்ப்யூட்டரின் அட்டையோ கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் இருக்கிறது. அதில் என்ன எழுதி வைத்தோம் என்பதை மாதம் ஒரு முறையேனும் திறந்து பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு உண்டாக்குங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.